குதிகாலில் எடுத்த ரத்தம்

என் தம்பி ஹானுஸ் கட்டிக்கொண்டு வந்த சோல்வாவைப் பிடிக்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அதிர்ந்து பேச மாட்டாள், புறம் பேச மாட்டாள். ஒரே குறை, உட்கார்ந்துவிடுவாள். மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போது உட்காருவாள், தேவாலயப் படியில் பாதியில் உட்காருவாள். சாண்டோய் தீவில் சும்மா உட்காருவது திருட்டுக்கு அடுத்த குற்றம்.

இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து ஆடு இறக்கும் நாளில் ஊரே வரிசை கட்டி மேலே ஏறும். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே சோல்வா பாதி மலையில் ஓடைப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அவள் விட்ட இடைவெளியில் நாற்பது ஆடுகள் நழுவிப் போயின.

"என்ன, அங்கயே வேர் விட்டுட்டியா?" என்றேன்.

"கொஞ்சம் மூச்சு வாங்குது தூரி. நீ போ, வந்துடறேன்."

"ஆமா, ஆடு உனக்காக நின்னு காத்துக்கிட்டிருக்கும்."

எனக்கு வாய் நீளம். ஊரில் அவளைச் சோம்பேறி என்று முதலில் சொன்னவள் நான்தான், அது ஒட்டிக்கொண்டது. காற்றில் உலர்த்திய ஆட்டுக்கறியை அவள் தொடமாட்டாள், வாசனையே ஆகாது. உருளைக்கிழங்கும் ஜாமும் போதும். "திங்கிறதைத் தின்னாத்தானே தெம்பு வரும்" என்று அதற்கும் ஒரு குத்து வைப்பேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதுபோல் குதிகாலில் குத்தி, தாளில் ரத்தப் பொட்டு எடுத்து டென்மார்க்குக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் காலையில் தொலைபேசி அடித்தது. நான் பக்கத்தில்தான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஹானுஸ் எடுத்தான். "சரி" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு வைத்தான்.

"குழந்தைக்குக் கார்னிடின் கம்மியாம். மத்தியானப் படகுக்கே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க. அதுவரைக்கும் பசியா விடக்கூடாதாம்."

எங்கள் தீவுகளில் அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. கறியில் அதிகம் இருக்கும் அந்தச் சத்தை, நோய் வந்த உடம்பு தங்கவிடாது, இதயம் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். எங்கள் சித்தப்பா மகன் பத்தொன்பது வயதில், படகுப் பந்தயத்துக்குப் பழகும்போது, துடுப்பின் மேலேயே சாய்ந்து போனான். அதன் பிறகு யாருக்கெல்லாம் அந்த நோய் என்று இலவசமாக ரத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். ஊரே வரிசையில் நின்றது. அன்றைக்கு சோல்வாவும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "நீ வடக்குத் தீவுக்காரி, இது எங்க வம்சத்து நோய், உனக்கெதுக்கு? இருந்து அடுப்பைப் பாரு" என்றேன். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டாள்.

படகுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஹானுஸ் அலமாரியிலிருந்து வம்சப் புத்தகத்தை எடுத்து விரித்தான். எங்கள் ஊரில் எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் அதைத்தான் விரிப்போம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலை வைத்து ஆறு தலைமுறை மேலே போனோம்.

"நம்ம பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கு," என்றான். குரல் உடைந்துவிட்டது.

"அதை மூடு," என்றாள் சோல்வா. "பேரைக் கண்டுபிடிச்சா இவளுக்குச் சரியாயிடுமா?"

குழந்தையை மார்பில் போட்டிருந்தாள். அவள் கை அதன் முதுகை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹானுஸ் கேட்டான், "பேரு இன்னிக்கே வெச்சுடலாமா?"

அவன் ஏன் கேட்கிறான் என்று மூவருக்கும் தெரியும். பேரில்லாமலே போய்விடக் கூடாதே என்றுதான்.

"ஞானஸ்நானம் அடுத்த மாசம்," என்றாள் அவள். "அன்னிக்கே வெப்போம்."

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பாதி ஏறியதும் சோல்வா குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்குமா?" என்று சீறினேன். அவள் எழுந்து வந்தாள்.

குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள், சோல்வாவுக்கும் எடுத்தார்கள். அவளுக்கு எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. தாயையும் சேயையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள், ஹானுஸும் நானும் கூடவே தங்கினோம். இரண்டு நாள் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரொட்டி தின்றோம். மூன்றாம் நாள் நர்ஸ் பியார்தா கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"குழந்தைக்கு நோய் இல்ல," என்றாள்.

ஹானுஸ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதேன், வெட்கப்படவில்லை.

"வயித்துல இருக்கும்போது அம்மாகிட்டேர்ந்து வரவேண்டிய சத்து வரல. அதான் இவளுக்குக் கம்மியா காட்டியிருக்கு. நோய் உங்களுக்குத்தான், சோல்வா."

சோல்வா குழந்தையைப் பார்த்தாள். "இவளுக்கு இல்லையே?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா. உங்களுக்கும் மருந்து இருக்கு. தினம் மூணு வேளை, ஆயுசுக்கும். விடாம குடிச்சா பயமில்ல."

சோல்வா தலையாட்டினாள். தனக்கு என்று சொன்னது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஹானுஸ்தான் கையை இறக்கிவிட்டு வெளிறிப்போய் அவளையே பார்த்தான்.

நர்ஸ் ஒரு தாளை எடுத்தாள். "சின்ன வயசுலேர்ந்து களைப்பு, மூச்சு வாங்கறது, படபடப்பு ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் சோல்வா. "நான் கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

"நான்தான் சொன்னேன்," என்றேன். "நீங்க எழுதிக்குங்க. நான் சொல்றேன்."

கல்யாணமான வருஷத்து மலையிலிருந்து ஆரம்பித்தேன். தொழிற்சாலை, தேவாலயப் படி, துணி உலர்த்தும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது, இரண்டு நாள் முன்பு இதே ஆஸ்பத்திரியின் மாடிப்படி என்று வருஷவாரியாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். நர்ஸ் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். எனக்கு ஒன்றுகூட மறந்திருக்கவில்லை.