சின்னசேலம் பஸ்ஸில் ஒரு டி.சி. மனு

இன்று சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி, நடுவில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள்.

மகளின் அரசுப் பள்ளியில் டி.சி. கேட்டு மனு கொடுக்கப் போகிறார்கள். அப்பா சொல்லச் சொல்ல, மகள் பையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“என் பொண்ணுக்கு சொந்தமா நாலு வரி எழுத வரல. பிரைவேட்ல சேக்கப் போறேன். இத நல்ல தமிழ்ல போடும்மா.”

அம்மாவுக்குக் கோபம். “அவ நல்லாத்தான் எழுதிக்கினு இருக்கறா. அந்த ஸ்கூலுக்கு இன்னா கொறச்சல்?”

மகள் படித்துக் காட்டினாள். “ஐயா, என் மகள் சொந்தமாக நான்கு வரி எழுதத் திணறுகிறாள். அவள் எதிர்காலத்தை எண்ணித் தூக்கமின்றித் தவிக்கிறேன்.”

இரண்டாவது வரியை அப்பா சொல்லவே இல்லை.

அவர் பூரித்துப்போனார். “பாரு, எவ்ளோ அழகா எழுதியிருக்குது!”

“அப்புறம் இன்னாத்துக்கு ஸ்கூல மாத்தற?”

“இவ்ளோ நல்லா எழுதற பொண்ண அங்கியே வுட்டு வைக்க முடியுமா?”

நான் இறங்கும்போது, டி.சி. தரவே கூடாது என்று அம்மா தன் மனுவைச் சொல்லத் தொடங்கியிருந்தார். அதையும் மகள்தான் எழுதிக்கொண்டிருந்தாள், அதே சிரத்தையோடு.

நான் தலைமையாசிரியராக இருந்தால், மகளை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு, அப்பாவின் பெயரில் டி.சி. எழுதிவிடுவேன்.

நீங்கள்?