பூனையை விடப் போன ஞாயிற்றுக்கிழமை

கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் புது சோபா வாங்கிய மாதமே, எங்கள் பூனை சிட்டு அதன் கைப்பிடியைப் பிறாண்டிப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டது. அதட்டினேன், தண்ணீர் தெளித்தேன், ஒருமுறை அடித்தும்விட்டேன். எதற்கும் அது அடங்கவில்லை. ஊருக்கு வெளியே முக்கொம்பு ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கூடையில் அடைத்தேன்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அது தூங்கி எழுந்ததும்தான் பிறாண்டுது. நாலு நாளா பாத்து எழுதி வெச்சிருக்கேன். சோம்பல் முறிக்க அதுக்கு ஒரு இடம் வேணும்ப்பா. ஒரு வாரம் டைம் குடுங்க."

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அதனாலேயே நான் கூடையைத் திறந்தேன்.

ஒரு மரக்கட்டையில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாதபடி சோபாவின் பக்கத்திலேயே நிறுத்தினாள். கைப்பிடியைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடினாள். மூன்றாம் நாள் தூங்கி எழுந்த சிட்டு, உடம்பை நீட்டி நேராகக் கயிற்றில் நகத்தைப் பதித்தது.

"பாத்தீங்களாப்பா!"

தொழிற்சாலையில் இயந்திரம் பழுதானால் காரணம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டில் அதை என் மகள் செய்தாள். மறுநாள் ஷிஃப்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். நான் கூடையோடு கிளம்பியதையும் மறைக்கவில்லை.