முந்தானையைக் கடித்த அக்கா

ஆலோசகர் ஆவதற்கான முதுகலைப் படிப்பில் எங்களுக்கு விதிகள் மூன்று: குறுக்கே பேசக்கூடாது, தீர்ப்புச் சொல்லக்கூடாது, அறிவுரை கூடவே கூடாது. என்னைப் போன்ற பொறியாளருக்கு விதிகள் பிடிக்கும். கூடப் படித்த திருநெல்வேலி அக்காவுக்கு மூன்றாவது விதிதான் எமன். ஷார்ஜாவில் பள்ளி ஆசிரியை. நல்ல உயரம், எப்போதும் பருத்திப் புடவை. அறிவுரை நாக்கு நுனிக்கு வந்தால் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிவதற்குள் முந்தானை நனைந்திருக்கும்.

செய்முறைத் தேர்வில் அறிவுரை சொல்லியே ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தார். மறுபடி தோற்றால் படிப்பே போய்விடும். மறுதேர்வில் அவர் ஆலோசகர், நான் பிரச்சினையோடு வருபவள். தமிழிலேயே பேசலாம் என்று சொல்லிவிட்டு, மலையாளியான பேராசிரியை ஓரமாக உட்கார்ந்தார்.

மாமியார் கொடுமை என்று ஒரு கதையைத் தயாரித்துப் போயிருந்தேன். சொல்லி முடித்ததும் அக்கா பேசாமல் என்னையே பார்த்தார். அந்த மௌனத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"அக்கா, எனக்கு மாமியாரே கிடையாது. ஆபீஸ்ல ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. வீட்ல சொல்லப் பயமா இருக்கு."

அக்காவின் கண்கள் விரிந்தன. முந்தானை வாய்க்குள் போனது.

"ம்... பயமா இருக்கு," என்றார், துணிக்குள்ளிருந்து.

பேராசிரியை சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார். வாசலைத் தாண்டியதும் மடை உடைந்தது.

"ஏட்டி, யாரு அவன்? எந்த ஊரு? கூறுகெட்டவளே, அம்மைட்ட சொல்லாம என்னத்த முழுங்கிக்கிட்டு இருக்க? இன்னிக்கே போனப் போடு!"

நாங்கள் இறங்கவேண்டிய ரோலா நிறுத்தம் வரை பஸ்ஸில் அக்கா திட்டுவதை நிறுத்தவில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இறங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். செய்ய வைத்தது அந்த மௌனமா, இந்தத் திட்டா? ஆலோசகராகிவிட்ட பிறகும் எனக்கு விளங்கவில்லை.