தானா விட்டீங்களா, நிறுத்திட்டாங்களா?

"தானா விட்டீங்களா அண்ணே, நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டர் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். கண்ணாடியில் தூசி எதுவும் இருக்காது. எதிரில் நிற்பவர் யோசித்துப் பதில் சொல்லட்டும் என்றுதான். தானாக வேலையை விட்டவருக்கு உதவித்தொகை கிடையாது. நிறுத்தப்பட்டவருக்கு உண்டு, முதலாளியும் அதை உறுதி செய்ய வேண்டும்.

வேலை போனவர்களைத் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார். வெல்டர் அண்ணே, டிரைவர் தம்பி. "வேலைதானே போச்சு, கைக்கு என்ன வந்துச்சு?" என்பார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான என் விஷயத்தில் மட்டும் அவருக்குக் குழப்பம். "நீங்க இன்னும் எந்த வேலையையும் விடவே இல்லையே தம்பி. உங்களை எதுல சேர்க்குறது?" எனக்கும் அது தெரியாமல்தான் வாராவாரம் பதிவுக்கு வந்து நிற்கிறேன்.

நேற்று எனக்கு முன்னால் ஒரு தையற்காரர், கல்லூரிப் பையோடு வந்த மகளுடன் நின்றார். கேள்வியைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நானாத்தான் விட்டேன். என்னை யாரு நிறுத்துறது?"

மகள் பெருமையாக அப்பாவைப் பார்த்தாள். அக்கா இன்னொரு முறை கேட்டு, இன்னொரு முறை கண்ணாடியைத் துடைத்தார். பதில் மாறவில்லை.

"பாப்பா, அப்பாவோட அடையாள அட்டையை அங்க போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாம்மா."

அவள் நகர்ந்ததும், முதலாளியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அவராத்தான் போனாரு மேடம்."

"சரி சார். அப்போ நாளைக்குக் காலைல அவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பிடவா?"



"உட்கார மெஷின் ஏது மேடம்? எல்லாத்தையும் வித்தாச்சு. போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவரே முந்திக்கிட்டு, நான் கிளம்பறேன்னுட்டாரு."

"அப்போ இது நிறுத்தம்தான் சார். எழுதி இப்பவே மெயில் போடுங்க."

"போடறேன் மேடம். நல்ல மனுஷன்."

தையற்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜெராக்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். மகள் வந்துகொண்டிருந்தாள். நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். நானும் நெஞ்சைத்தான் நிமிர்த்தியிருப்பேன்.

மெயில் வந்தது. வேலை நின்றதற்கான காரணத்தோடு உதவித்தொகை ஒப்புதல் தாளும் அச்சாகி வந்தது. "குடுங்கக்கா" என்று மகள் கை நீட்டினாள்.

அக்கா எழுத்து உள்ளே போகும்படி அதை இரண்டாக மடித்து, அவள் கையைத் தாண்டி, தையற்காரரின் சட்டைப் பையிலேயே வைத்தார்.