ஐம்பதில் யாரும் நிற்கவில்லை

"சார், ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க" என்று லைன் லீடர் மஞ்சுளா போனில் சொன்னபோது, எங்கே போனார் என்று கேட்டேன். அவ்வளவுதான் என் புத்தி. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகே விஷயம் உறைத்தது.

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையின் பயிற்சிக்கூடத்தில், வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து மதிப்பெண் போடுவது எங்கள் இருவரின் பொறுப்பாக இருந்தது. எதிரெதிர் மேசை. அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், ஸ்டெல்லா மேரி எளிதில் தலையாட்டுகிற மனுஷி அல்ல. தேநீர் ஆறிப்போகும், வாதம் ஆறாது.

ஒருமுறை மேலாளர் பலகையில் பெல் கர்வ் எனும் மணி வடிவ வளைவு ஒன்றை வரைந்தார். நடுவில் பெருங்கூட்டம், இரண்டு ஓரங்களிலும் சிலர். "சராசரி ஐம்பது. இடது ஓரத்துல இருக்கறவங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். ஸ்டெல்லா எழுந்துபோய், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு புள்ளி வைத்தார். எழுபதுக்கு அருகில் ஒரு குவியல், முப்பதுக்கு அருகில் இன்னொன்று. நடுவில் ஒன்றுமே இல்லை.

"ஐம்பது ஐம்பதுங்கறீங்களே சார், அந்த ஐம்பதுல ஒருத்தராவது நிக்கறாங்களா? பெல் கர்வ் மேல தப்பில்ல. ரெண்டு கூட்டத்தை ஒரே கூட்டம்னு போட்டா அது பாவம் என்ன பண்ணும்?"

முப்பதில் கிடந்தவர்கள் எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கிலும் கன்னடத்திலும் படித்த பிள்ளைகள். எங்கள் கேள்வித்தாளோ தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும். அவர்களில் ஒருத்திதான், இன்று லைன் லீடராக ஓர் உற்பத்தி வரிசையையே நடத்தும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மஞ்சுளா. ஸ்டெல்லா அவளைக் கூப்பிட்டு, விட்டுப்போன கேள்விகளைத் தெலுங்கில் கேட்டார். மடமடவென்று பதில் வந்தது. "கேள்வியே புரியல மேடம், அதான் காலியா உட்டுட்டேன்" என்றாள். பிறகு நான்கு மொழிகளிலும் தாள் போட்டு மறுதேர்வு வைத்தோம். இரண்டு குவியலும் ஒன்றாகி, மணி வடிவம் தானாகவே வந்து நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும், மொழிபெயர்க்க ஆளில்லை என்று பழைய தாளுக்கே திரும்பிவிட்டார்கள். நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். போன் செய்தால் ஸ்டெல்லாவின் முதல் கேள்வி, "தெலுங்குத் தாள் என்ன ஆச்சு?" என்றுதான் வரும். இவ்வளவு பேசியவர் தன் நோயைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர், "நமக்கு பெல் கர்வ் கத்துக்கொடுத்ததே மேடம்தான்" என்று உருகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் முடிந்த கையோடு, இந்த வருடம் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை என்னிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மதிப்பெண்களை வாங்கிப் பார்த்தேன். முப்பதுக்கு அருகில் அதே குவியல்.

"மறுதேர்வு வைங்க சார், அவங்க மொழியில" என்றேன்.

"மேடமே போயிட்டாங்க. இனி யாரு தாள் எழுதறது?"

"தெலுங்குல நான் எழுதறேன் சார்" என்றாள் பின்னால் நின்ற மஞ்சுளா.

எழுதியும் கொடுத்துவிட்டாள். அது மேலாளர் மேசையில் அப்படியே கிடக்கிறது. கன்னடத்துக்கு நான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விடுதியில் காத்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை மட்டும்தான். அந்தப் பட்டியலில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.