முதுகு காட்டி இறங்கிய மலை

என் நூலடுக்கின் மேல்தட்டில், இரண்டு தடித்த அகரமுதலிகளுக்கு நடுவே, வளையமாகச் சுருட்டிய ஒரு பழந்துணி இருக்கிறது. நீலக்கரைப் பருத்திச் சேலையிலிருந்து கிழித்தெடுத்த துணி. கரை வெளுத்துவிட்டது; ஒரு முனை நார்நாராகப் பிரிந்து கிழிந்திருக்கிறது. தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடு அது. வீட்டைத் துப்புரவு செய்ய வருவோர் தூசி துடைக்கும் துணியென்று எண்ணி அதை எடுத்ததுண்டு. நான் விரைந்து சென்று வாங்கிக்கொண்டதும் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குக் கிடைத்த பொன்னாடைகள் பெட்டிக்குள் மடிந்து கிடக்கின்றன. இந்தத் துணிக்கு மட்டும் சொற்களின் நடுவே இடம் கொடுத்திருக்கிறேன். அதற்குக் காரணமானவர் என் அம்மா.

எங்கள் ஊர் நீடாமங்கலத்தை அடுத்தது. ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அப்பால், பண்ணையில் கூலிவேலை செய்த குடும்பங்களின் தெரு எங்கள் தெரு. அம்மா நடவு நடுபவர். பெண்கள் குழுவை முன்னின்று அழைத்துச் செல்பவர். திராவிட இயக்கம் ஆட்சிப் பொறுப்பேற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. சுவர்களில் எழுத்து மாறியிருந்தது. மேடைகளில் தமிழ் மாறியிருந்தது. பண்ணை வீட்டு வாசல் மட்டும் மாறவில்லை. அந்த ஐப்பசியில் அறுப்புக்கூலியை உயர்த்தக் கேட்டு வயலில் இறங்க மறுத்த ஆண்களுள் என் அப்பாவும் ஒருவர். அவர்களைப் பிடித்துச் சென்று திருச்சிச் சிறையில் வைத்திருந்தார்கள். ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த எனக்கு அந்த வேளையில்தான் முதற்பணி ஆணை வந்தது.

வந்தது என்பது முழு உண்மையன்று. எங்கள் தெருவுக்கு வரும் அஞ்சலைப் பண்ணை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவது அந்நாளைய வழக்கம். கூலிப் பூசல் நடந்துகொண்டிருந்ததால் என் ஆணை அங்கே பல நாள் தேங்கிக் கிடந்தது. செய்தி தெரிந்து வாங்கிவர அம்மா சென்றபோது நானும் உடன் சென்றேன். கணக்குப்பிள்ளை அதை முற்றத்துத் தரையில் வைத்துவிட்டு, வெற்றிலை மென்றபடி கேட்டார்: "இங்க வயல்ல நட ஆளில்ல. உம் மவ மலையில போயி என்னத்த நடப்போறாளாம்?" அம்மா குனிந்தார். உறையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பண்ணை வீட்டுக்கு முதுகு காட்டக் கூடாது என்ற ஊர்க்கட்டுக்கு இணங்கி, வாசல்வரை பின்னடி வைத்தே வந்தார். அவருடைய குதிகால் படியைத் தேடித் தடவிய காட்சி என் கண்ணைவிட்டு இன்றும் அகலவில்லை.

தெருவிளக்கின் கீழ் ஆணையைப் பிரித்துப் படித்தேன். பச்சைமலையில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. மறுநாள் மாலை பள்ளி முடிவதற்குள் பணியில் சேராவிட்டால் அவ்விடம் அடுத்தவருக்குச் சென்றுவிடும். அம்மா சற்றும் கலங்கவில்லை. "நாளைக்குன்னா நாளைக்கு. ரயிலு வெடியக்காலம் போவுதுல்ல?" என்று மட்டும் கேட்டார். அதுவரை அவர் தொடர்வண்டியில் ஏறியதில்லை.

விடியலில் தொடர்வண்டி புறப்பட்டது. என் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்த அம்மா, வண்டிக்குள் இருக்கை இருந்தும் கதவோரம் தரையில் அமர்ந்துகொண்டார். நான் அழைத்தும் எழவில்லை. நாகூர் தர்காவுக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்த ஒரு முதிய அம்மையார் எதிரில் இருந்தார். அவர் குனிந்து, "டிக்கெட்டு எடுத்தீல்ல?" என்றார். அம்மா, "எடுத்தேங்க" என்றார். "அப்பப் பலகையில உக்காரு. அது ஒன்னும் கடிக்காது." அம்மா சிரித்துவிட்டார். எழுந்து வந்து பலகையின் விளிம்பில், மீனுக்குக் காத்திருக்கும் கொக்கைப் போல, அரைகுறையாக அமர்ந்தார். தஞ்சை கடந்தபோது பாதிப் பலகைக்கு நகர்ந்திருந்தார். திருச்சியில் வண்டி ஊதியபோது வெளியே எட்டிப் பார்த்து, "இந்தச் சத்தம் உங்கப்பாவுக்கும் கேக்கும்" என்றார்.

அங்கிருந்து பேருந்தில் துறையூர். ஊர் நெருங்குகையில் வானின் அடியில் கருநீலமாக ஏதோ திரண்டு நின்றது. "மழ கூடி நிக்குது பாரு. கொடைய வுட்டுட்டு வந்துட்டமே" என்றார் அம்மா. நானும் அப்படியே எண்ணினேன். நெடுநேரம் ஆகியும் அந்த முகில் இடம்பெயராமல் இருந்தபோதுதான் அது மலையென்று எனக்கு உறைத்தது. மலையைப் பற்றிப் பள்ளி நாளில் நான் எழுதிய கட்டுரைகள் பரிசு பெற்றவை. பார்த்தது அன்றுதான் முதன்முறை.

துறையூரில் மலைப்பேருந்துக்கு மாறினோம். பாதித் தொலைவு ஏறியதும் அது நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "நேத்து மழையில பாலத்த அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. வண்டி இத்தோட திரும்புது" என்றார். ஏறியிருந்தவர்கள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். பகல் சாயத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அம்மா கையை நீட்டினார். எதிர்ச்சரிவில், மரங்களுக்கு நடுவே, வெள்ளையடித்த ஒரு சுவரும் அதன்முன் ஒரு கொடிக்கம்பமும் தெளிவாகத் தெரிந்தன. அதுதான் பள்ளியென்று உடன் வந்தோர் கூறினர். "அந்தா தெரியுதே. நடந்துருவோம்" என்றார் அம்மா.

காவிரிச் சமவெளியில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. எங்கள் பக்கத்தில் ஒரு கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால், வரப்பிலே இறங்கி வெற்றிலை ஒன்றை மென்று முடிப்பதற்குள் அதன் நிழலுக்குப் போய்விடலாம். கண்ணுக்கும் காலுக்கும் இடையே அங்கே மறைவென்று ஒன்று கிடையாது. சாமை மூட்டையோடு நின்ற மலைவாழ் பெரியவர் ஒருவர் எங்களைத் தடுத்தார். "தெரியுறதெல்லாம் கிட்டத்துல இல்ல ஆத்தா. சுத்துப்பாதையில போனா இருட்டுறதுக்குள்ள சேந்துருவீங்க." அம்மா அதற்குள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துவிட்டார். "இருட்டுறதுக்குள்ள பள்ளிக்கூடத்தைச் சாத்திப்புடுவாங்க பெரியவரே. செவுத்துல குந்தியிருக்குற காக்கா கூடத் தெரியுது, இதுக்குப் போயிச் சுத்துவாங்களா?" பெரியவர் சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தம் வழியே போனார்.

ஒற்றையடிப் பாதையில் நேராக நடந்தோம். புதர் விலகிய இடத்தில் நிலம் முடிந்துபோயிருந்தது. எங்களுக்கும் அந்த வெள்ளைச் சுவருக்கும் நடுவே ஒரு பெரும்பள்ளம் வாய் பிளந்து கிடந்தது. அதன் அடியில் ஓடை இரைந்தது. சுவர் அதே அளவில், அதே தெளிவோடு, எதிரே நின்றது. அம்மா கீழே எட்டிப் பார்த்தார். பிறகு, "நம்ம ஊருல வாய்க்காலு கூட முன்னாடியே சொல்லிட்டுத்தான் குறுக்க வரும்" என்றார். திரும்பிச் சென்று சுற்றுப்பாதையைப் பிடிக்கப் பொழுதில்லை. சேராவிட்டால் கணக்குப்பிள்ளையின் கேள்விக்கு நானே விடையாகி ஊர் திரும்ப வேண்டும். சிறையில் இருக்கும் அப்பாவிடம் அதை யார் சொல்வது?

நிமிர்ந்து நின்று இறங்க முயன்றேன். இரண்டாம் அடியிலேயே சறுக்கி அமர்ந்தேன். அம்மா பெட்டியைக் கீழே வைத்தார். சும்மாட்டைப் பிரித்து நீள உதறி, ஒரு முனையைப் பெட்டியின் கைப்பிடியில் முடிந்து, மறுமுனையை என் கையில் கொடுத்தார். சேலையை நடவுக்கு வரிந்து கட்டுவதுபோல் கட்டிக்கொண்டார். பின்பு மலைக்கு முகத்தையும் பள்ளத்துக்கு முதுகையும் காட்டி, இடுப்பை மடித்துக் குனிந்து, கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் விட்டு நிலத்தைத் தடவினார். கால் பதிந்தபின் மறுகாலை எடுத்தார். சேற்றில் நாற்று நட்டுப் பின்னே நகரும் அதே அசைவு. விடுமுறைகளில் நானும் நட்டவள்தான். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா கீழே, நடுவில் பெட்டி, மேலே துணியைப் பிடித்தபடி நான் என்று இறங்கத் தொடங்கினோம். பெட்டி பாறைகளில் இடித்து முழங்கியது.

பாதிச் சரிவில் நான் அஞ்சி நின்றபோது கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னடி நின்னுட்டே? பண்ணை வாசல்லேருந்து வர்றதா நெனச்சுக்க. பழகின நடதானே." சிரிப்பு என்னை மீறிக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் துணியை வெட்டி இழுத்துவிட்டேன், முனை கிழிந்தது. பெட்டி சறுக்கியது. அம்மா தோளால் அதைத் தாங்கி நிறுத்தி, "சிரிக்கிறத மேல போயிச் சிரி" என்றார். ஒரு வாழ்நாள் முழுதும் அவர்மேல் சுமத்தப்பட்டிருந்த அந்தப் பின்னடி நடையைத் தமக்கு வேண்டிய வேலைக்கு அவர் எடுத்துக்கொண்டதை நான் அன்று பார்த்தேன். அந்தப் பெருமிதம் என்னுள் இன்னும் தணியவில்லை.

ஓடையில் நீர் முழங்காலளவு. கடந்து, எதிர்ச்சரிவில் குனிந்தபடியே ஏறினோம். மேலே தலைநீட்டியபோது பள்ளிப் பிள்ளைகள் அத்தனைபேரும் விளிம்பில் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தலைமையாசிரியர், கையில் மணியடிக்கும் இரும்புத் துண்டோடு. இருவர் பள்ளத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்குவதைக் கண்ட பிள்ளைகள் வகுப்பைவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வந்தவரும் நின்றுவிட்டார். சேற்றோடு நான் நீட்டிய ஆணையைப் படித்தார், கதிரவனைப் பார்த்தார், கையிலிருந்த இரும்பைப் பார்த்தார்.

"நேரம் தாண்டிடுச்சுங்களா ஐயா?" என்றார் அம்மா.

"மணி இன்னும் அடிக்கலீங்களேம்மா. உங்களப் பார்த்துச் சிரிக்கிறதுலயே மறந்துட்டேன். மணி அடிக்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் நடக்குதுன்னுதான் அர்த்தம். உள்ள வாங்க, மொதல்ல டீச்சர் கையெழுத்துப் போடட்டும்."

அந்தப் பள்ளியில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை அவர் அம்மாவின் பக்கம் நகர்த்தினார். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். நாகூர் அம்மையாரின் சொல் நினைவுக்கு வந்ததோ என்னவோ, விளிம்பில் அல்ல, முதுகு சாய நன்றாக அமர்ந்தார். சேறு காயாத கால்களோடு அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, நான் நின்றுகொண்டு கையெழுத்திட்டேன். அதன் பிறகே மணி ஒலித்தது.

மறுநாள் காலை, அவ்வூர்க்காரரேயான அந்தச் சாமை மூட்டைப் பெரியவரோடு சுற்றுப்பாதையில் அம்மா புறப்பட்டார். சும்மாட்டை என் கையில் வைத்தார். "கிழிஞ்சிருச்சு, நீயே வச்சிக்க. திருச்சியில எறங்கி உங்கப்பாகிட்ட, புள்ளயச் சேத்துட்டேன்னு சொல்லணும். அப்புறம் பண்ணைக்குப் போவணும். அந்தாளு என்ன நடப்போறான்னு கேட்டாருல்ல, அதுக்குப் பதிலு சொல்லாம வந்துட்டேன்."

சொன்னார் என்பதைப் பொங்கலுக்கு ஊர் திரும்பியபோது தெருப்பெண்கள் எனக்கு நடித்தே காட்டினார்கள். முற்றத்தில் நின்று, "எம் மவ மலையில அம்பது புள்ளைங்களுக்கு வாத்தியாருங்க" என்றாராம். பிறகு திரும்பி, பண்ணை வீட்டுக்கு முதுகைக் காட்டி, கைவீசி நடந்து வாசலைக் கடந்தாராம். கணக்குப்பிள்ளை மென்ற வெற்றிலையைத் துப்பவும் மறந்திருந்தார் என்று ஒருத்தி சொன்னாள். அதற்காக அம்மாவின் குழுவுக்கு நடவு மறுக்கப்பட்ட நாள்கள் உண்டு. விடுதலையாகி வந்த அப்பாவும் அவரும் வெளியூர் வயல்களுக்கு நடந்து சென்று உழைத்தார்கள். அந்நடையைப் பற்றி அவர் வருந்தி நான் கேட்டதில்லை. அடுத்த பருவத்தில் மற்றப் பெண்களும் அந்த வாசலில் திரும்பி நடந்தார்கள்.

அண்மையில் அந்தப் பள்ளி தன் விழாவுக்கு என்னை அழைத்திருந்தது. இப்போது துறையூரிலிருந்து ஏறும் பேருந்து பள்ளத்தின்மேல் புதுப்பாலத்தைக் கடந்து பள்ளி வாயிலிலேயே நிற்கிறது. பாலத்தைக் கடக்கும் நேரம் ஒரு கொட்டாவிக்கும் போதாது. என் முழங்கால்கள் முன்போல் மடிவதில்லை. ஆதலால் கம்பியைப் பிடித்து, பேருந்துக்குள் முகத்தைக் காட்டி, ஒரு காலைப் பின்னால் விட்டுப் படியைத் தடவினேன். நடத்துநர் பதறினார். "பாட்டிம்மா, திரும்பி நேரா பாத்து எறங்குங்க. விழுந்துரப் போறீங்க."

"இந்த ஊருக்கு நான் முதல்ல வந்ததே இப்படித்தான் தம்பி" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் என் கால் தரையில் ஊன்றும்வரை ஊதலை வாயில் வைக்காமல் பொறுத்திருந்தார். வாயிலில் பிள்ளைகள் வரிசையாக நின்று என் இறக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பைக்குள் கையை விட்டு, அன்று உடன் எடுத்து வந்திருந்த சும்மாட்டின் கிழிந்த முனையைத் தொட்டுக்கொண்டேன். பிறகு திரும்பி, அவர்களை நோக்கி நடந்தேன்.