காலையில் கொடுத்த மருந்து

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு 'டோல்கேட்' என்று பேர். யார் வைத்தார்களோ தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில், நான்காவது பாதையின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற வண்டிக்கெல்லாம் காசு வாங்கிச் சீட்டுக் கொடுத்துக் கம்பத்தைத் தூக்கிவிடுகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? அவளும் கோபித்துக்கொண்டதில்லை. நாள் முழுக்கக் கார்க்காரர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பழகியவளுக்கு ஒரு பட்டப்பெயர் எம்மாத்திரம்!

புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். லோடு கிடைத்தால் பணம், கிடைக்காவிட்டால் வீட்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். மாதம் பிறந்தால் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். மகனுக்கு ஒன்றரை வயது. அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோதுதான் அவளுக்கு உலகம் புரிந்தது. தனியாக ஓர் ஆளை வைத்தால் இவள் வாங்குகிற சம்பளம் அப்படியே அந்த ஆளின் கைக்குப் போகும், பஸ்ஸுக்குக்கூட மிஞ்சாது. "அப்ப நீ எதுக்கு வேலைக்குப் போறே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டவர்களில் ஒருவராவது "கொண்டாந்து விடு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதும் இல்லை.

வழி காட்டியது மாடி வீட்டுக்காரிதான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள், அவள் புருஷன் ஒரு சிமெண்ட் கிடங்கில் கணக்கர். அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு பெண். அவர்களாலும் தனியாக ஆள் வைக்க முடியவில்லை. இரண்டு வீடும் சேர்ந்து ஒருத்தியை வைத்துக்கொள்வது, சம்பளம் பாதிப் பாதி, இரண்டு பிள்ளைகளும் மாடி வீட்டில் இருப்பது என்று பேசி முடித்தார்கள். கணக்கர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார், ஆனால் அதை மூன்று தடவை சொன்னார்.

"எங்க பாப்பாவுக்கு மூச்சு இளைப்பு இருக்கு. சளி, காய்ச்சல்னா பிள்ளையைக் கொண்டு வரக் கூடாது. மறைச்சுக் கொண்டு வந்தா அன்னையோட கூட்டு முடிஞ்சுது. இப்பவே சொல்லிட்டேன்."

டோல்கேட் தலையாட்டினாள். அன்றைக்கு எதைச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

வந்து சேர்ந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். யாராவது வாய்தவறி ஆயா என்றுவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். ஹாலில் அலமாரி மேல் ஒரு கேமரா இருந்தது. அதைக் கண்டதும் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "என்மேல நம்பிக்கை இல்லைன்னா பிள்ளையை எதுக்குக் குடுக்கறீங்க?" மாடி வீட்டுக்காரி பதறிப்போய், "ஐயோ அக்கா, அது எப்பவோ கெட்டுப்போச்சு, சும்மா இருக்கு" என்றாள். அக்கா அதன் தலையில் ஒரு பொம்மைத் தொப்பியை மாட்டிவிட்டு வேலையில் சேர்ந்தாள். வண்டி ஓட ஆரம்பித்தது.

அந்தப் பாழாய்ப்போன காலையில் டோல்கேட் பிள்ளையைத் தூக்கினாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அந்த மாதம் அவள் ஏற்கெனவே லீவு போட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னொரு நாள் மட்டம் போட்டா ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டேன், வேற இடம் பாத்துக்கோ." புருஷனோ இரண்டு நாள் தொலைவில் எங்கோ ஒரு துறைமுகத்தில் சரக்குக்காகக் காத்துக் கிடந்தான். உள்ளதைச் சொன்னால் இன்றைக்கு வேலை போகும். மறைத்து மாட்டிக்கொண்டால் கூட்டுப் போகும், கூட்டுப் போனால் வேலை தானாகப் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

காய்ச்சல் மருந்தை எடுத்தாள். டாக்டர் ஏற்கெனவே சொல்லிவைத்த அளவு ஒரு மூடி. ஒரு மூடி கொடுத்தாள். அது சாயங்காலம்வரை தாங்குமா? தாங்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. கை தானாக இன்னொரு மூடியை ஊற்றியது. பிள்ளை ஆரஞ்சு மிட்டாய் என்று நினைத்துச் சப்புக்கொட்டிக் குடித்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை.

மாடியில் பிள்ளையை வாங்கும்போது அக்கா கேட்டாள்: "என்ன, வாடிப்போயிருக்கான்?"

"ராத்திரி சரியாத் தூங்கலக்கா."

"யாரு, அவனா நீயா?"

அவள் சிரித்துவைத்து, படியில் தடதடவென்று இறங்கினாள். பஸ் வந்துவிட்டது.

சுங்கச்சாவடியில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் கூண்டுக்குள் போக வேண்டும். காசு கைமாறும் இடம் என்பதால் அப்படி ஒரு சட்டம். மாற்று ஆள் வராமல் எழுந்து போகக் கூடாது என்பது இன்னொரு சட்டம். வெயில் ஏறி, வண்டிகள் வரிசை கட்டி நின்ற நேரத்தில் கூண்டின் ஒலிபெருக்கி கரகரத்தது. அலுவலகத்துப் பையன்.

"நாலாம் பாதை, உங்க வீட்லேர்ந்து போன் வந்துச்சு. பிள்ளைக்குக் காய்ச்சலாம். மருந்து குடுத்துப் படுக்க வைக்கறாங்களாம், பயப்பட வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

அவளுக்குக் கை நின்றுபோனது. மாடி வீட்டில் இருப்பது நான்கு வயதுப் பிள்ளைக்கான மருந்து. இதைவிட வீரியமானது. காலையில் போன இரண்டு மூடிக்கு மேல் அதுவும் போனால்?

"குடுத்துட்டாங்களா? இனிமேத்தான் குடுக்கப் போறாங்களா? சரியாச் சொல்லுப்பா!"

"அதெல்லாம் நான் கேட்டுக்கலையே. வெச்சுட்டாங்க."

"திருப்பிப் போன் போட்டுக் குடுக்க வேணாம்னு சொல்லு, தம்பி!"

"எந்த நம்பருன்னு பாக்கலக்கா. அது பழைய போன், நம்பர் தெரியாது."

அவளுக்கும் எந்த நம்பரும் மனப்பாடம் இல்லை. எல்லாம் போனுக்குள், போன் பெட்டிக்குள். மாற்று ஆள் கேட்டாள். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார் என்றான். முன்னால் நின்ற கார்க்காரன் ஹாரனில் கைவைத்து எடுக்கவேயில்லை. "என்னம்மா, தூங்கறியா?"

அவள் கம்பத்தை இறக்கினாள். சிவப்பு விளக்கைப் போட்டாள். காசு டிராயரைப் பூட்டிச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு கூண்டைவிட்டு இறங்கி ஓடினாள். மூன்று பாதைகளைக் குறுக்கே கடக்க வேண்டும். லாரிகள் பிரேக் போட்டுக் கிறீச்சிட்டன. அம்மா ஆத்தா என்று ஆரம்பித்து எல்லா வசவும் காதில் விழுந்தது. எதிரே சூப்பர்வைசர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "ஏய், எங்கே போறே? பாதையை மூட உனக்கு யாரு சொன்னா?" எந்த வேலைக்காகப் பொய் சொன்னாளோ அந்த வேலை அவர் கைகளுக்கு நடுவில் நின்றது. அவள் குனிந்து அவரைத் தாண்டிப் போனாள்.

அலுவலகத்தில் பெட்டியைத் திறந்து போனை எடுத்து அக்காவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகள் தூங்கும்போது போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னது அவர்கள்தான். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு நம்பர். யாருக்குத் தெரியவே கூடாது என்று காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தாளோ அவளுடைய நம்பர்.

மாடி வீட்டுக்காரி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பையனுக்குக் காலையிலேயே காய்ச்சல். மருந்து குடுத்துட்டுத்தான் கொண்டு வந்தேன். அக்காவுக்குத் தெரியாது, திரும்பவும் குடுக்கப் போறாங்க. போனை எடுக்க மாட்டேங்கறாங்க. உங்க கால்ல விழறேன், ஏதாவது பண்ணுங்க!"

மறுமுனையில் அவள் "இருங்க" என்றாள். எதையோ தட்டுகிற ஒலி. "அக்கா சமையல்கட்டுலேர்ந்து வர்றாங்க. கையில ஸ்பூன் இருக்கு."

டோல்கேட்டுக்கு விளங்கவில்லை. கடையில் நிற்கிறவளுக்கு வீட்டில் இருப்பவளின் கையில் ஸ்பூன் இருப்பது எப்படித் தெரியும்?

"பையனை மடியில போட்டுட்டாங்க," என்றது குரல். அடுத்த நொடி அது கத்தியது, இவளிடம் அல்ல: "அக்கா! அக்கா, குடுக்காதீங்க! நான்தான், கேமராவுல பேசறேன்! மருந்தைக் கீழ வைங்க!"

போனுக்குள் எங்கோ தூரத்தில் உலோகம் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிள்ளை வீறிட்டது. டோல்கேட் பெட்டியில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே நான்காவது பாதை முழுக்க ஹாரன் அலறிக்கொண்டிருந்தது.

"குடுக்கலை," என்றாள் மாடி வீட்டுக்காரி. "கொட்டிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு குடுத்தீங்க காலையில?"

"சொன்ன அளவுதான்," என்றாள் டோல்கேட். "ஒரு மூடி."

சூப்பர்வைசர் அன்றைய கூலியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். "நாளைக்கு வந்து என்னைப் பாரு" என்றார். அந்தப் பேச்சில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனாள். டாக்டரின் காதோரம் மட்டும் உண்மையைச் சொன்னாள், இரண்டு மூடி என்று. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது தடவை மருந்து போகாமல் நின்றதால் பிள்ளை தப்பித்தது என்றார்.

சாயங்காலம் மாடி வீட்டு ஹாலில் பஞ்சாயத்து. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமரா தலையில் தொப்பி இன்னும் இருந்தது, என்ன, தொப்பிக்குக் கீழே அதன் கண் தெளிவாகத்தான் தெரிந்தது.

கணக்கர் குதித்தார். "நான் மூணு தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எங்க பாப்பாவுக்கு ஏதாவது ஆயிருந்தா?" குதித்து முடித்ததும் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார் போல, குரல் இறங்கியது. இவளை வெளியே தள்ளினால் முழுச் சம்பளமும் அவர் தலையில். கட்டுப்படியாகாது. "சரி, அளவாத்தான் குடுத்திருக்காங்க. இந்த ஒரு தடவை..." என்று இழுத்தார். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆளை மாற்ற வசதியில்லை, அவ்வளவுதான்.

"கேமராவும் போன வாரம்தான் சரிபண்ணினோம்," என்றாள் மாடி வீட்டுக்காரி, தரையைப் பார்த்தபடி.

அக்கா எழுந்தாள்.

"நீங்க ரெண்டு வீடும் உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிட்டீங்க. நல்லது. அந்தக் கரண்டி அவன் வாய்க்குள்ள போயிருந்தா யாரைப் பிடிச்சிட்டுப் போவாங்க? மருந்து குடுத்தவளைத்தான். மறைச்சவளையா பிடிப்பாங்க? ஒருத்தி எனக்குச் சொல்லாம பிள்ளைக்குக் குடுக்கறா. இன்னொருத்தி எனக்குச் சொல்லாம என்னைப் பாக்கறா. நடுவுல நான் யாரு?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வருவேனா மாட்டேனான்னு நாளைக்குப் பாருங்க," என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை டோல்கேட் சீருடை மாட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறினாள். கதவருகே மாடி வீட்டுக்காரியும் கைப்பையோடு நின்றிருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்தார்கள். உள்ளே கணக்கர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப்பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அக்கா வராவிட்டால் இன்றைக்கு எல்லாமே முடிந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா நிதானமாகப் படியேறி வந்தாள். பிள்ளையை வாங்கவில்லை. குனிந்து அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக டோல்கேட்டின் முகம் சிவந்து காது நுனிவரை சூடேறியது. பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன குடுத்தே?"

"டாக்டர் எழுதினது. ஒரு மூடி. விடிஞ்சதும் குடுத்தேன்."

"நேத்து?"

ஒரு மூடி என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. அருகில் மாடி வீட்டுக்காரி. கதவுக்குப் பின்னால் அளவாகக் கொடுத்தாள் என்பதற்காகவே சமாதானமான கணக்கர். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரெண்டு மூடிக்கா. சாயங்காலம்வரைக்கும் தெரியாம இருக்கணும்னு ரெண்டு குடுத்தேன்."

கணக்கரின் கை பித்தானில் அப்படியே நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டாள்.

"அக்கா, அந்தக் கேமரா கெடவே இல்ல. நீங்க வந்த நாள்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாளா, திரும்பிப் படியிறங்கப் போகிறாளா என்று தெரியவில்லை. பிறகு கணக்கரைப் பார்த்துச் சொன்னாள்:

"பாப்பாவை இன்னிக்கு நீங்க பாத்துக்கங்க தம்பி. காய்ச்சல்காரனோட அவளைச் சேக்க முடியாது. அப்படியே ஒரு ஸ்டூல் போட்டு அந்தக் கேமராவையும் கழட்டி வைங்க."

"எனக்கு ஆபீஸ்..." என்றார் கணக்கர்.

"இவங்க ரெண்டு பேருக்கும்தான் ஆபீஸ்," என்று அக்கா டோல்கேட்டின் பக்கம் கையை நீட்டினாள். "கீழ் வீட்டுச் சாவியைக் குடு. இவன் இன்னிக்கு அங்கேயே இருக்கட்டும்."

டோல்கேட் சாவியைக் கொடுத்தாள். பிள்ளையைக் கொடுத்தாள். அங்கேயே நின்றாள்.

"போ," என்றாள் அக்கா. "போனைப் பெட்டியில போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை எனக்கு அடி. நான் எடுப்பேன்."